கொன்னைமரத்தடியில நாலு முட்டை

ஒரு ஊர்ல ஒரே ஒரு கொன்னைமரம் இருந்துச்சு. ஊர்னா நாப்பது வீடு. மரம் ஒண்ணுதான், அதுவும் குளத்தைத் தாண்டி சரளைமேட்டுல. ம் கொட்டு, இல்லேன்னா சித்தி நிறுத்திருவேன். ம். அப்படி.

சித்திரை பொறந்த அன்னைக்கு விடியக்காலம் முழிச்சதும் கணி பாக்கணும்ல? தாம்பாளத்துல பழம், கண்ணாடி, கொன்னைப்பூ. பூ இல்லாத கணி அந்த ஊர்ல கணியே இல்ல. கீழ விழுந்த பூவும் ஆகாது, கிளையில இருந்து ஒடிக்கணும். வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வருஷம் ஆவுடையம்மா வீட்டு முறை. அவ மருமக சொர்ணம் கல்யாணமாகி வந்து ரெண்டு மாசம்தான். "ஏட்டி சொர்ணம், நாப்பது வீட்டுக்கும் பூ வேணும். நீ வெறுங்கையோட வந்தா நான் ஊர் முகத்துல முழிக்க முடியாது"ன்னு மாமியா சொல்லிட்டா.

சித்திரைக்கு முந்தின நாள் காலையில தொரட்டியும் கூடையுமா கிளம்பினா. வழியெல்லாம் புங்கம்பூ கொட்டிக் கிடக்கு. வேலி மேல ஒரு ஓணான், தலை மட்டும் செக்கச்செவேல்னு, புது மாப்பிள்ளை மிடுக்குல ஆட்டுது. அங்க போனா கொன்னை மஞ்ச மஞ்சேர்னு தொங்குது. தொரட்டியைத் தூக்கினாளோ இல்லையோ, கீ கீ கீ, ஆரு நீ, ஆரு நீன்னு ஒரு ஆள்காட்டிக் குருவி விர்ருனு அவ தலைக்கு மேல பாஞ்சுது. கூடையைப் போட்டுட்டு எடுத்தா ஓட்டம்.

அப்புறம் வெயில் ஏறினதும் ரெண்டாம் தடவை போனா. ஆவாரஞ்செடியில வண்டு ஙொய்னு சுத்துது, குளத்தோரம் கீரி ஒண்ணு சரசரன்னு குறுக்க ஓடுது. இந்தத் தடவை குருவி கத்தல. ரெக்கை ஒடிஞ்ச மாதிரி தரையில படக் படக்குன்னு அடிச்சுக்கிட்டு நொண்டுது. இவளுக்கு மனசு கேக்கல. பாவம், அடிபட்டுடுச்சேன்னு பின்னாடியே போனா. போனா, போனா, பனங்காடு வரைக்கும் போனா. அங்க போனதும் அது ஜம்முனு பறந்துருச்சு. சிரிக்காத, நீயா இருந்தாலும் போயிருப்ப.

மூணாம் தடவை உச்சி வெயில்ல போனா. குருவியைக் காணோம். பூனை மாதிரி மரத்தடிக்கு வந்து காலைத் தூக்கி வைக்கப் போறா, அப்போ குளத்துப் பக்கமிருந்து குடுகுடுன்னு அந்தக் குருவி ஓடி வருது. கத்தல, நடிக்கல. வயித்து ரெக்கையில தண்ணி சொட்டச் சொட்ட நேரா அவ காலடிக்கே வந்து நின்னுச்சு. குனிஞ்சு பாத்தா, கல்லுன்னு அவ நெனச்சது நாலு முட்டை. பூக்குற காலத்துல கொன்னையில இலை இல்ல, நிழல் இல்ல, சரளை அப்படிச் சுடுது, அதனால குளத்துல வயித்தை நனைச்சுட்டு வந்து முட்டையைக் குளிர வைக்குது. தூக்கின காலை சொர்ணம் அப்படியே பின்னால வச்சா. தொரட்டி போட்டா கிளை முட்டைமேல விழும். பக்கத்துல நின்னா குருவி உக்காராது, முட்டை வெந்துரும். முழிச்சிருக்கியா? ம்.

அப்புறம் என்ன, வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா. "பூ எங்கட்டி?" "ஒடிக்கல அத்தை." நடந்ததை எல்லாம் ஒண்ணு விடாம சொன்னா. மாமியா மூஞ்சி உர்ருனு இருக்கு. வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டா.

"வயித்தை நனைச்சுக்கிட்டா வருது?"

"ஆமா அத்தை, சொட்டச் சொட்ட."

"நானும் நாலு பெத்தவதான்ட்டி"ன்னு எந்திரிச்சா. வீடு வீடாப் போயி, "நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் கண்ணைத் திறக்கப்படாது. கணி நம்மகிட்ட வராது, நாமதான் அதுகிட்டப் போறோம்"னு சொல்லிட்டு வந்தா.

அப்புறம் கிழக்கு வெளுக்கும்போது ஊரே கண்ணை மூடிக்கிட்டு, முன்னால போறவங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா நடக்கு. இடம் தெரிஞ்ச சொர்ணம் மட்டும் கண்ணைத் திறந்து முன்னால போறா. அவ தோள்ல ஆவுடையம்மா கை. ஒருத்தர் சதக்குன்னு சாணியை மிதிச்சாரு. இன்னொருத்தர் தூங்கிக்கிட்டே நடந்து வேலிக்குள்ள போயிட்டாரு. மரத்துக்கு இருபது எட்டு இருக்கும்போது சொர்ணம் நின்னா. ஆவுடையம்மா, "ம், திறங்க"ன்னு சொல்ல வாயெடுக்கா, அதுக்குள்ள கீ கீ கீ, ஆரு நீ, ஆரு நீ. நாப்பது வீட்டுக் கண்ணும் ஒண்ணாத் திறந்துருச்சு.

மரம் முழுக்கப் பூ. ஒரு கொத்து குறையல. அடியில அந்தக் குருவி நின்னு ஊரையே முறைச்சுப் பாத்துட்டு, மறுபடியும் முட்டைமேல உக்காந்துச்சு. ஆவுடையம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மருமக தோள்ல வச்ச கையை எடுக்கவே இல்ல. "என் ஆயுசுக்கும் இப்படி ஒரு கணி பாக்கலட்டி"ன்னா.

கதை அடைகாக்கப் போயிருச்சு. நீயும் சுருண்டுக்கோ, தூங்கு.