பாதாள ஆட்டமும் திறந்த கதவும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் ஓரகத்தி பேச்சியம்மாள். என் மூத்தவனுக்கு அம்மை போட்டிருந்த பங்குனி மாதம், அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டே சொன்னாள்.

முன்னொரு காலத்தில் செண்பகாபுரி என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் மகரகேது ராசா. காலையில் சிரிப்பான், மத்தியானம் சீறுவான். நடுவில் என்ன நடந்ததென்று அவனுக்கே தெரியாது. சோறு தண்ணீரைவிட அவனுக்குப் பெரிது பாதாள ஆட்டம்.

அது என்ன ஆட்டம் என்றால், பெரிய துணியில் கட்டம் கட்டமாக ஒரு பாதாளக் கோட்டை வரைந்திருக்கும். அதற்குள் ராசாவின் மண்பொம்மை வீரன் நடப்பான். மந்திரி புண்ணியமூர்த்தி எதிரே உட்கார்ந்து, "இதோ ஒரு பாம்பு, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ராசா தான் செய்வதைச் சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவான். பொறிகளையும் புதிர்களையும் யோசித்து வைப்பது மந்திரியும் அவர் மகன் சிற்றம்பலமும்தான். மந்திரிக்கு ஒரு நேமம் உண்டு. எந்தப் பொறியிலிருந்தும் தப்பிக்க ஒரு வழி வைத்தே தீருவார். "வழி வைக்காவிட்டால் அது விளையாட்டு இல்லையப்பா, பாவம்" என்பார் மகனிடம்.

ஒருநாள் ஆட்டம் மும்முரமாகப் போனது. "கதவு திறந்தே கிடக்கிறது மகாராசா. உள்ளே தரை சுத்தமாக இருக்கிறது" என்றார் மந்திரி, தேன் வடிகிற குரலில். வீரன் கால் வைத்தான். தரை பிளந்து குழிக்குள் போய்விட்டான்.

அந்தப் பொறி சிற்றம்பலம் யோசித்தது. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கோலால் தட்டிப் பார்க்க வேண்டாமா மகாராசா? திறந்த கதவை யாராவது நம்புவார்களா?"

தளவாய் சிங்கண்ணனுக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். "பொம்மை விழுந்ததற்கா சிரிக்கிறான்? விழுந்தது தாங்கள் அல்லவா!" என்று எண்ணெய் ஊற்றினான். "இவனுக்கும் ஒரு பாதாளத்தைக் காட்டுங்கள் பிரபு."

அவ்வளவுதான். பிள்ளையை அரண்மனைக்கு அடியில் இருந்த இருட்டுச் சிறையில் தள்ளிவிட்டார்கள்.

மந்திரி காலில் விழுந்தார். ராசா மீசையை முறுக்கினான். "எனக்கு ஒரு புதிர் போடும். போட்ட அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நான் அவிழ்க்காவிட்டால் உம் பிள்ளை வெளியே வருவான்."

"அதுவும் பேச்சு வந்த குழந்தைகூட அவிழ்க்கிற புதிராக இருக்க வேண்டும்" என்று குறுக்கே பாய்ந்தான் சிங்கண்ணன். "இல்லாவிட்டால் கிழவர் ஏமாற்றிவிடுவார்."

குழந்தைக்குத் தெரிந்தது ராசாவுக்குத் தெரியாமல் இருக்குமா? மந்திரி யோசித்தார், யோசித்தார், ஒன்றும் பிடிபடவில்லை. தினமும் சிறையின் காற்றுத் துவாரத்தண்டை போய் நிற்பார். உள்ளிருந்து குரல் வரும். "காவல்கார ஐயா, கதவைத் திறங்களேன். அப்பா, திறக்கச் சொல்லுங்களேன்." காவலனுக்குத் தளவாய் உத்தரவு, வாயே திறக்கக் கூடாதென்று. நாளாக ஆக அந்தக் குரல் தேய்ந்தது. பிறகு ஒருநாள் நின்றே போயிற்று. மந்திரி துவாரத்தில் காதை வைத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஈசுவரா, பிள்ளை கேட்கிறதைக்கூட விட்டுவிட்டானே" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து எழுந்து, நேரே சபைக்குப் போய்த் துணியை விரித்தார்.

"மகாராசா, உங்கள் வீரன் ஒரு அறைக்குள் அடைபட்டிருக்கிறான். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. வாசலில் ஒரு காவலன். சாவி அவன் இடுப்பில். என்ன செய்கிறீர்கள்?"

"ப்பூ, இவ்வளவுதானா! உதைத்து உடைக்கிறேன்."

கட்டை உருண்டது. "இரும்புக் கதவு. கால்தான் வீங்குகிறது."

"சுவரைத் தோண்டுகிறேன்!"

"கருங்கல்."

"காவலனை வெட்டுகிறேன்!"

"நடுவில் கதவு இருக்கிறதே மகாராசா."

"ஆணையிடுங்கள் பிரபு" என்று காதைக் கடித்தான் சிங்கண்ணன்.

"அடேய், மகரகேது சொல்கிறேன், திற!"

"அடைபட்டவன் ஆணையிடுகிறானே என்று காவலன் சிரிக்கிறான்."

சிரிப்பு என்றதும் ராசாவுக்கு முகம் சிவந்தது. மிரட்டினான், சாபம் விட்டான், கூரையைப் பிய்ப்பேன் என்றான். பொழுது சாய்ந்து விளக்கேற்றிவிட்டார்கள். கட்டையை வீசி எறிந்தான்.

"தோற்றேன், போதுமா! வழியே இல்லாத புதிர் போட்டிருக்கிறீர்."

"நான் வழி வைக்காமல் பொறி வைத்ததில்லை மகாராசா. 'ஐயா, கதவைத் திறங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், திறந்திருப்பான்."

"கேட்பதா? நானா?"

"அடைபட்ட குழந்தை எதுவும் முதலில் அதைத்தான் செய்யும். என் பிள்ளையும் அதைத்தான் செய்தான். உங்கள் காவலன்தான் என் பொம்மைக் காவலன் அளவுக்குக்கூட இல்லை."

ராசா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "சிங்கண்ணா, இனி நீ தளவாய் இல்லை. சிறைவாசல் காவல். உள்ளே யார் கூப்பிட்டாலும் எழுந்து போய் என்னவென்று கேள்" என்றான். விளக்கை எடுத்துக்கொண்டு தானே கீழே இறங்கினான். கதவைத் தன் கையாலேயே திறந்தான்.

மூலையில் சிற்றம்பலம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நகரவில்லை.

"வாப்பா, கதவு திறந்துவிட்டது" என்றார் மந்திரி.

அவன் கதவைப் பார்த்தான். இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "மாட்டேன் அப்பா. குழி இருக்கும்."

"குழி இல்லையப்பா. தரை சுத்தமாக இருக்கிறது."

"நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள்."

மந்திரி ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே உள்ளே போனார். போய் மகன் பக்கத்தில் அதே மூலையில் உட்கார்ந்தார். கழுத்தில் மாலை கிடப்பதுகூட அவருக்கு நினைவில்லை. ராசா விளக்கைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றான்.

அவர்கள் எப்போது வெளியே வந்தார்கள் என்று பேச்சியம்மாள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

நீங்கள் எழுந்து போகும்போது ஒரு உபகாரம் செய்யுங்கள். வாசல் கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்துவிட்டுப் போங்கள்.