சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சை

உப்பளத்தை ஒட்டி இருந்தது தாணுலிங்கத்தின் வீடு. அவருக்கு அறுபது வயது. மடத்து அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் தாணுலிங்கம் குருவாக ஏற்றுக்கொண்டது அம்மையாரைத்தான்.

அன்று காலை தாணுலிங்கத்தின் பழைய காருக்குப் பூஜை போட அம்மையார் வந்திருந்தார். உப்புக்காற்றில் பிரேக் பைப்புகள் துருப்பிடித்துவிட்டன. தாணுலிங்கமே வீட்டில் வைத்து அவற்றை மாற்றியிருந்தார். மறுநாள் அந்தக் காரில்தான் மகளையும், பிறந்து சில நாளே ஆன பேரனையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும்.

நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள். அவற்றை நசுக்கிக்கொண்டு கார் கிளம்பினால் பூஜை முடிந்தது.

“அம்மா, ஒரு சந்தேகம்,” என்றார் தாணுலிங்கம்.

“கேளுங்க.”

“வேலை முடிஞ்சு போச்சு. மனசு மட்டும் முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேங்குது. நேத்து தூக்கமே இல்லை. அது ஏன்?”

“என்ன வேலை செஞ்சீங்க?”

“துருப்பிடிச்சதை எல்லாம் கழட்டினேன். செம்புப் பைப்பை அளந்து வளைச்சுப் போட்டேன். புது பிரேக் ஆயில் ஊத்தினேன். பகவதி பெடலை அழுத்தினா. நான் கீழே படுத்துக்கிட்டு பைப்புல இருந்த காத்தை எல்லாம் வெளியேத்தினேன்.”

“அழுத்து, பிடி, விடு. நேத்து முழுக்க இவரு வாயில வேற பேச்சே இல்லைம்மா,” என்றார் அவர் மனைவி பகவதி. “ஆனா ஸ்டியரிங்கை மட்டும் தொட விடமாட்டாரு. நான் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு.”

அம்மையார் குனிந்து மூன்று பழங்களை எடுத்து பகவதியின் கையில் கொடுத்தார். நான்காவதைக் கொண்டுபோய் முற்றத்தின் மறுகோடியில், காரின் முன்சக்கரத்துக்கு நேராக வைத்தார்.

“ஓட்டி வாங்க. பழம் நசுங்கக் கூடாது.”

“நசுக்கத்தானேம்மா வைக்கிறது?”

“இன்னைக்கு வேண்டாம்.”

தாணுலிங்கம் சிரித்துக்கொண்டே ஏறினார். கார் வந்தது. பழத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“பாத்தீங்களா!”

“பாத்தேன். பின்னால போய் மறுபடி வாங்க. கொஞ்சம் வேகமா.”

கார் பின்னால் போனது. அம்மையார் நடந்து போய்ப் பழத்துக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கார் நகரவில்லை. பிறகு இன்ஜினும் நின்றது.

தாணுலிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “எந்திரிங்கம்மா.”

“ஏன்?”

“மண்ணு சுடும்.”

“சுடலை.”

அவர் இறங்கி வந்தார். அம்மையாருக்கு எதிரில் நின்றார்.

“ஒரு பைப் பழசும்மா.”

அவர் காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

“பெட்ரோல் டேங்குக்கு மேல ஓடுறது. டேங்கை இறக்கினாத்தான் கை போகும். உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டேன். ஒழுகலை. ஒழுகாதுன்னுதான்…”

“எல்லாம் புதுசுன்னு எங்கிட்டேயும் சொன்னீங்களே,” என்றார் பகவதி. “பச்சைப்பிள்ளை வருமே இதுல.”

தாணுலிங்கம் அம்மையார் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உக்காந்தேன். அவ்வளவுதான்.”

தாணுலிங்கம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிக் கட்டைகள் மேல் நிறுத்தினார். டேங்கை இறக்கினார். பழைய பைப்பை வெளியே எடுத்து இரண்டு விரலால் வளைத்தார். பெயிண்ட் உரிந்தது. உள்ளே இருந்த இரும்பு அப்பளம் போல நொறுங்கியது. அந்தத் துண்டை மனைவியின் கையில் வைத்தார். பகவதி அதைப் பார்த்தார்.

மீதி இருந்த செம்புப் பைப் அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. பகவதி மறுபடி பெடலில் கால் வைத்தார். அழுத்து, பிடி, விடு. இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை.

வேலை முடிவதற்குள் அம்மையார் மூன்று பழங்களையும் பிழிந்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கி வைத்திருந்தார். வேப்பமர நிழலில் மூவரும் குடித்தார்கள். தாணுலிங்கம் இரண்டு டம்ளர் குடித்தார்.

நான்காவது பழம் வைத்த இடத்திலேயே கிடந்தது.

“முடிஞ்சதும்மா,” என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இப்ப பழத்துக்கிட்ட வந்து உக்காருங்க. தைரியமா ஓட்டறேன்.”

“நான் உக்காந்தாச்சு,” என்றார் அம்மையார். “இப்ப நீங்க உக்காருங்க. பகவதி ஓட்டட்டும்.”

பகவதி அதற்குள் சாவியை எடுத்துவிட்டார்.

தாணுலிங்கம் மனைவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, பழத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.