சாவடி வாசலில் தீட்டிய கத்தி

அங்காயி அம்மை எங்கே போனாலும் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போவார்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். அலகும் பிடிக்குள் இறங்கும் காம்பும் ஒரே இரும்பு. வேங்கைமரப் பிடி. இரண்டு மரச்சில்லுகளைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிய உறை. மழை முடிந்ததும் கூகைமலைப் பாதையில் வளர்ந்துகிடக்கும் முள்ளை வெட்டி ஒதுக்குவார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. மலைக்கு மேலே இருந்த சோலைப்பட்டிக்கு அந்த ஒரு பாதைதான்.

அவருடைய சீடர் பொன்னம்பலம் வயதில் அம்மையைவிட மூத்தவர். ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு, அடிவாரத்தில் இருந்த அம்மையின் குடிசைக்கு வந்தார்.

"எதைக் கண்டாலும் பயமா இருக்கு தாயே. அது போகணும்."

"இருங்க" என்றார் அம்மை.

அந்த வருஷம் ஜமீனிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சாண் நீளத்துக்கு மேற்பட்ட கத்தியோடு யாரும் காட்டுக்குள் நடமாடக் கூடாது. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சாவடி கட்டி, ரங்கப்பன் என்பவனைக் காவல் தலைவனாக வைத்தார்கள். சோலைப்பட்டி ஜனங்கள் தங்கள் கத்திகளைக் கொண்டுவந்து சாவடி முற்றத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். மழையில் நனைந்து அவை துருப்பிடித்துக் கிடந்தன.

மலையில் சந்தனமரம் ஏராளம். பாதை மூடி, ஜனங்கள் தாங்களாகவே இறங்கிப் போய்விட்டால் ஜமீனுக்கு வசதி. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மழை விட்டபோது பாதை மூடித்தான் போயிருந்தது. சோலைப்பட்டிச் சடையனைப் பாம்பு கடித்தது. வைத்தியரிடம் கொண்டுபோகக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். ஈங்கை முள் அடைத்த ஒரு வளைவில் கட்டில் திரும்பவில்லை. வெறுங்கையால் முள்ளைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் உயிர் போய்விட்டது.

சேதி வந்த மறுநாள் காலையில் அம்மை கத்தியை அவிழ்த்துப் பொன்னம்பலத்திடம் நீட்டினார்.

"தீட்டிக் கொண்டாங்க. மேலே போகணும்."

பொன்னம்பலம் வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"தாயே, இதைத் துணியில சுத்தி மூட்டைக்குள்ள வெச்சுக்கலாமே?"

"எதுக்கு?"

"சாவடியில பாக்க மாட்டாங்க."

"பாத்துட்டா?"

"ஒளிச்சு எடுத்துட்டுப் போறோம்பாங்க."

"இடுப்புல இருந்தா?"

"கத்தி கொண்டுபோறோம்பாங்க."

"அதுதானே செய்யறோம்" என்றார் அம்மை.

பொன்னம்பலம் ஓடைக்குப் போனார். சாணைக்கல்லை நனைத்தார். அலகை அதன்மேல் வைத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு சாணைக்கல்லை ஒதுக்கிவிட்டு, ஓடைக்கரைப் பாறையில் கத்தியின் வாயைக் குறுக்காக வைத்து நன்றாகத் தேய்த்தார்.

திரும்பி வந்ததும் உறையோடு கொடுத்தார். அம்மை வாங்கவில்லை.

"இன்னிக்கு நீங்க கட்டிக்குங்க."

சாவடி வரை பொன்னம்பலத்தின் வலது கை பிடியை மூடியபடியே இருந்தது.

"கையை வீசி நடங்க ஐயா" என்றார் அம்மை. இரண்டடி வீசினார். கை மறுபடியும் பிடிக்கே போய்விட்டது.

சாவடி வாசலில் ரங்கப்பன் எழுந்து நின்றான். அவனுக்குப் பின்னால் காவல்காரர்கள் நான்கைந்து பேர்.

"என்னய்யா இது?"

பொன்னம்பலம் அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"கத்தி" என்றார் அம்மை.

ரங்கப்பன் அதை உருவினான். கட்டைவிரலால் அதன் வாயைத் தடவினான். இன்னொரு முறை அழுத்தித் தடவினான். சிரித்துவிட்டான்.

"இதை வெச்சு வாழைப்பழம்கூட நறுக்க முடியாது. போங்க, போங்க."

காவல்காரர்களும் சிரித்தார்கள். பொன்னம்பலத்துக்கு மூச்சு வந்தது. பாதையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

அம்மை நகரவில்லை. ரங்கப்பன் கையிலிருந்து கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, திரும்பி நின்ற பொன்னம்பலத்தின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார் அம்மை.

குடிக்கத்தான் என்று நினைத்து ஒருவன் செம்பில் கொண்டுவந்தான். அம்மை சாவடிப் படியில் உட்கார்ந்தார். மூட்டையிலிருந்து சாணைக்கல்லை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். முதலில் சொரசொரப்பான பக்கம். அலகு வளையும் இடத்தில் மணிக்கட்டை லேசாகத் தூக்கி, முனை வரை ஒரே இழுப்பு. பிறகு மறுபுறம். சாம்பல்நிறக் குழம்பு படியில் வழிந்தது. பள்ளங்கள் மறைந்ததும் கல்லைத் திருப்பி வழுவழுப்பான பக்கத்தில் இழுத்தார். கரகரவென்றிருந்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, பட்டுத்துணியை உருவுகிற சத்தமாக ஆனது.



படியோரத்தில் முளைத்திருந்த ஒரு தும்பையிலையில் கத்தியின் வாயை வைத்தார். இலை அசையாமல் இரண்டாகியது. அம்மை கத்தியை ரங்கப்பனுக்குக் காட்டினார்.

"இப்போ சொல்லுங்க. போகலாமா?"

"உனக்கென்ன பைத்தியமா? அதான் விட்டுட்டேனே, போக வேண்டியதுதானே?"

"நீங்க விட்டது வேற கத்தி."

அவன் முகம் சிவந்தது. "கொடு இங்கே."

"எடுத்துக்குங்க. நானாக் கொடுக்க மாட்டேன்."

அம்மை கத்தியை மடியில் வைத்தார். இரண்டு கைகளையும் எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"சோலைப்பட்டிக்காரங்க அவங்களாக் கொண்டாந்து போட்டாங்க. ஒருத்தர்கிட்ட இருந்தும் நீங்க பிடுங்கலை. இன்னிக்குப் பிடுங்கிப் பாருங்க."

ரங்கப்பன் தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் பாய்ந்து வந்து கத்தியை வெடுக்கென்று பிடித்தான். ஆத்திரத்தில் பிடித்த இடம் அலகு. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

அம்மை எழுந்தார். முந்தானையில் ஒரு கீற்றைக் கிழித்தார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டினான். இறுக்கிக் கட்டிவிட்டார்.

"பிடியைப் பிடிக்கணும்" என்றார்.

"அந்தக் கத்தியை உள்ளே வெச்சுப் பூட்டுங்கடா" என்று ரங்கப்பன் கத்தினான். பூட்டினார்கள்.

பொன்னம்பலம் முடிந்துவிட்டது என்று நினைத்தார். அம்மை கையைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். துருப்பிடித்த குவியலிலிருந்து ஒரு கத்தியை உருவினார். அதே படிக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தார். கல்லில் தண்ணீர் ஊற்றி இழுக்க ஆரம்பித்தார்.

"அதைக் கீழே போடு!"

"எடுத்துக்குங்க."

ரங்கப்பன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். ஓர் அடி முன்னால் வைத்தான். பிறகு நின்றுவிட்டான்.

சோலைப்பட்டியிலிருந்து உப்பு வாங்க இறங்கிவந்தவர்கள் சிலர் தூரத்தில் நின்று பார்த்தார்கள். எல்லோர் கையிலும் முள் கிழித்த கோடுகள். அவர்களில் சடையனின் மனைவி வீராயியும் இருந்தாள்.

பொன்னம்பலத்தைக் கால் எங்கே இழுக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. குவியலிடம் போனார். கைக்கு வந்ததை எடுத்தார். அம்மைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் தாயே அதை மழுக்கினேன்."

"தெரியும். செம்பை இப்படித் தள்ளுங்க."

வீராயி முற்றத்துக்குள் வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குவியலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். புருஷனின் கத்தி கிடைத்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். கல் இல்லாதவர்கள் சாவடியின் கருங்கல் படியிலேயே தேய்த்தார்கள். தண்ணீர் தீர்ந்ததும் காவல்காரர்களில் ஒருவன் செம்பை எடுத்துப் போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தான். ரங்கப்பன் அவனை முறைத்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வராதவர்களின் கத்திகளையும் தீட்டி எடுத்துக்கொண்டதில், உச்சிப்பொழுதுக்குள் முற்றத்துக் குவியல் கரைந்துவிட்டது.

"நாளைக்குக் குதிரையும் ஆளுமா வர்றேன்" என்றான் ரங்கப்பன். "ஒருத்தரும் தப்ப முடியாது." ஜமீனை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

அவர்கள் மலையேறினார்கள். எல்லோர் இடுப்பிலும் கத்தி தெரிந்தது. சடையன் இறந்த வளைவில் முள் ஆள் உயரத்துக்கு நின்றது. வீராயி முதல் வெட்டு வெட்டினாள். அம்மை பக்கத்தில் நின்று தூர்களை அறுத்தார். பொன்னம்பலம் அறுந்த கொடிகளை இழுத்துப் பள்ளத்தில் தள்ளினார். அவர் முதுகு நனைந்துவிட்டது. கையெல்லாம் கீறல். கட்டில் திரும்பும் அளவுக்கு வழி பிறந்தது.

அப்போதுதான் அந்தப் பழைய பயம் அவருக்குள் மறுபடியும் எழுந்தது.

"தாயே, நாளைக்கு அவன் குதிரையும் ஆளுமா வருவானே. என்ன செய்யறது?"

அம்மை நிமிர்ந்து, வெட்டிய வழியை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"குதிரை வரணும்னா இந்த அகலம் போதாது. அந்தப் பக்கத்து முள்ளையும் வெட்டுங்க."