தவசியின் வாயில் ஒரு துக்கம்

சின்னக்கொம்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே யாரும் அதைத் தேடியதே இல்லை.

அந்த ஊர்த் தவசிக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. அண்ணன் ஒச்சப்பனும் மச்சான் செல்லாண்டியும் அவனை டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். பல் டாக்டரம்மா வேர் சிகிச்சையை முடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

"இந்தப் பல்லுக்கு இனி உயிர் கிடையாது. காஞ்ச சுள்ளி மாதிரி, அழுத்திக் கடிச்சா பிளந்துரும். அதனால மேல உறை மாதிரி ஒரு கேப் போடணும். சனிக்கிழமை வாங்க."

மூவரும் எழுந்து நின்றார்கள். ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கேட்டான்.

பஸ்ஸில்தான் தவசிக்கு அடுத்த இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டு. அந்த நல்லி எலும்புக்காக அவன் ஒரு வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக் காத்திருந்தான். சாவு விழுந்தால் பதினாறு நாளைக்குக் கோயில் வாசலை மிதிக்க முடியாதே. பாவம், அழுதே விட்டான்.

"செத்தது பல்லுதானப்பா. தீட்டு மத்த பல்லுகளுக்குத்தான், உனக்கில்ல" என்றான் ஒச்சப்பன்.

செல்லாண்டி வெகுநேரம் யோசித்தான். "எல்லாத்துக்குமா? கீழ்வரிசைதான் பங்காளிக. மேல்வரிசை சம்பந்தி வீடு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டுப் போறவுக. அவுகளுக்கு ஏது தீட்டு?"

சனிக்கிழமை டாக்டரம்மா கேப்பை மாட்டி, இனி பயமில்லாமல் கடிக்கலாம் என்றார். பதினாறு கழியட்டும் என்று தவசி அடக்கமாகச் சொன்னான்.

மறுநாள் விருந்து. கீழ்வரிசையைக் கோயிலுக்கு வெளியே நிறுத்த வழியில்லாததால் அதை ஒரு துண்டால் போர்த்தினார்கள். நல்லி எலும்பைக் கருங்கல் மேல் வைத்தார்கள். தவசி குப்புறக் குனிந்து, மேல்வரிசையால் மட்டும் ஓங்கி ஒரு கடி கடித்தான். எலும்பும் அசையவில்லை, கல்லும் அசையவில்லை.

திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். மேல் பல் ஒன்று வேர் வரைக்கும் விரிசல். இதற்கும் அதே சிகிச்சை, இதற்கும் கேப். வாயை நன்றாகத் திறக்கச் சொன்னார்.

மூவரும் மறுபடி எழுந்து நின்றார்கள். ஒச்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"கொஞ்சம் பொறுங்கம்மா. முதல்ல இவன் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிறட்டும். கீழ்வரிசைக்காரவுக போயி சம்பந்தி வீட்டுல துக்கம் கேட்டுட்டு வந்துரட்டும்."