ஸ்பீட் போட்டுக்குப் புதுக் கார்ப்பெட்

லோசனி அம்மாவிடம் ஒரு ஸ்பீட் போட் இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். கழிமுகத்து மணல்திட்டில் நாலு ஓலைக் குடிசை, ஒரு கிணறு, ஒரு படகுக் கொட்டகை, இவ்வளவுதான் அம்மாவின் ஆசிரமம். அங்கே பெட்ரோல் குடிக்கிற வெள்ளைப் படகு எதற்கு?

பணக்கார அன்பர் ஒருவர் விடுமுறைக்கு விடுமுறை அதில் சுற்றி அலுத்துப்போய், அம்மாவின் காலடியில் சமர்ப்பித்துவிட்டுப் போனார். அம்மா அதை விற்று அன்னதானம் செய்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டார். வேகமாகத்தான் ஓட்டுவார். அவருக்கு வயது நாற்பத்து நாலு, அதில் என்ன தப்பு?

சீடர் மாசிலாமணிக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரைக் குருவாகக் கொண்டதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் வேறு இடத்தில். குரு எதைச் சொன்னாலும் அதற்குள் ஓர் அர்த்தம் இருப்பதாக அவருக்குப் படும். கொஞ்ச நேரத்தில் அது இல்லை என்று ஆகிவிடும். ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து மனிதர் குழம்பிப் போய்த்தான் இருந்தார்.

ஒரு நாள் காலை கையில் செல்போனோடு ஓடி வந்தார்.

“அம்மா, என் பையன் வர்றான். ஞாயித்துக்கிழமை. பொண்டாட்டியோட.”

“நல்லது.”

“மூணு வருஷம் கழிச்சு வர்றாம்மா.”

“தெரியும், ஐயா.”

அம்மாவுக்கு மட்டுமா, அந்தத் திட்டில் எல்லோருக்கும் தெரியும். மகன் இளமாறன் தன்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்தப் பெண் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். உள்ளேயிருந்து வந்த மாசிலாமணி, “செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, கை நீட்டவில்லை. இரண்டு பேரும் அப்படியே திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

“வந்தா என்ன பேசுறதும்மா? நடந்ததை எடுத்துப் பேசட்டுமா? இல்ல, அதைத் தொடாம மேலோட்டமாப் பேசி அனுப்பிரட்டுமா? இந்த ஒரு தடவை விட்டா அவன் மறுபடி வர மாட்டாம்மா.”

அம்மா எழுந்து கொட்டகைப் பக்கம் நடந்தார். மாசிலாமணி பின்னாலேயே போனார். படகுக்குள் தலையை நீட்டி அம்மா மூக்கைச் சுளித்தார்.

“கார்ப்பெட் நாறுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்திருங்க.”

“நான் கேட்டது…”

“புதுசு அந்த மூலையில சுருட்டி வச்சிருக்கு பாருங்க.”

அம்மா போய்விட்டார். மாசிலாமணி படகைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார். இதில் பதில் இல்லாமலா இருக்கும்? யோசித்தார். பளிச்சென்று பிடிபட்டது. பழசைக் கிளறாதே, மேலே புதுசைப் போட்டு மூடிவிடு. அதுதான் அம்மா சொல்வது. அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. கிணற்றடிக்கு ஓடினார்.

“அம்மா, புரிஞ்சிருச்சு. பழசு மேலயே புதுசை ஒட்டிர்றேன்.”

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “ஏறி நில்லுங்க. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல.”

ஏறி நின்றார். குதிகால் பொதுக்கென்று உள்ளே இறங்கியது.

“இது மேலயா?” என்று கேட்டுவிட்டு அம்மா மறுபடி வாளியை எடுக்கப் போனார்.

அப்படியானால் எடுக்கத்தான் வேண்டும். மாசிலாமணி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். சும்மா வருமா? படகு கட்டியவன் பசையை வஞ்சனையில்லாமல் பூசியிருந்தான். பல்லைக் கடித்து இழுத்தபோது கார்ப்பெட் கிழிந்து வந்தது. பலகையின் மேல்தோலும் அதோடு பிய்ந்து வந்தது. அடியில் பிளைவுட் கறுத்து, டீயில் நனைத்த பன் மாதிரி இருந்தது. எந்த மழையில் இறங்கிய தண்ணீரோ, வெளியேற வழியில்லாமல் பசைக்கடியிலேயே கிடந்து ஊறியிருந்தது. நாற்றம் கொட்டகையை நிறைத்தது.

அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருஷமாக நானும் இப்படித்தானே இருந்தேன் என்று நினைத்தார். இப்போது உண்மையாகவே புரிந்துவிட்டது. மூடக் கூடாது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட வேண்டும். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அழுகியதைத் தோண்டினார். அதற்குப் பக்கத்தில் தோண்டினார். அதற்கும் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் நிழல் விழுந்தது.

“என்ன பண்றீங்க?”

“அழுகலை எடுக்கிறேம்மா. ஒரு துளிகூட விடக் கூடாது.”

“இந்த இடத்துல உளி இறங்குதா?”

“இல்லம்மா, கெட்டியாத்தான் இருக்கு.”

“பின்ன?”

“அடியில எங்கயாவது இருக்குமோன்னு…”

“ஐயா, இன்னும் கொஞ்சம் போனீங்கன்னா தண்ணி வந்துரும்.”

மாசிலாமணி உளியைக் கீழே வைத்தார். மூடவும் கூடாது, தோண்டவும் கூடாது என்றால் மனிதன் என்னதான் செய்வான்? கேட்க வாயெடுத்தார். அதற்குள் அம்மா அளவுகோலை நீட்டினார்.

ஓட்டைக்கு அளவாகப் புதுப்பலகை வெட்டி, திருகாணி போட்டு, மேலே பிசின் பூசினார். அது காயும்வரை யாரும் படகில் ஏறக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார். மாசிலாமணி மட்டும் அடிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தொட்ட இடத்திலெல்லாம் விரல் ரேகை விழுந்தது.

பிசின் காய்ந்ததும் புதுக் கார்ப்பெட்டை மணலில் விரித்தார். நல்ல சாம்பல் நிறம், காலுக்கு மெத்தென்று இருந்தது. கிழிந்த பழசைத் துண்டு சேர்த்து அதன் மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினார். எத்தனை வருஷம் நிலத்துக்குப் படம் போட்ட கை! கோடு இம்மி பிசகவில்லை. தூக்கிக்கொண்டு போய்ப் படகில் வைத்தார். ஸ்டியரிங்குக்கு விட்ட வெட்டு, ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

பழசு அழுக்காக இருக்கிறதே என்று அதைக் குப்புறப் போட்டு வரைந்திருக்கிறார். இடது வலதாகிவிட்டது.

தலையில் கை வைத்து உட்கார்ந்தவர், அப்படியே யோசனையில் விழுந்தார். எல்லாம் தலைகீழாக வந்திருக்கிறது. அப்படியென்றால் நான் என்னை மகன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதா? இல்லை, அவனை என் பக்கத்திலிருந்தா? அம்மா வந்ததும் கேட்டுவிட்டார்.

“அம்மா, இதுல என்ன பாடம்?”

“பாத்து வெட்டணும்.”

“அது சரிம்மா. அதுக்கு உள்ள…”

“மிச்சம் இருக்கு. இன்னொண்ணு வெட்டுங்க.”

வெட்டினார். இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. மாசிலாமணி பசை டப்பாவைத் திறந்து, இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாதபடி முழுக்கப் பூசிவிட வேண்டும் என்று பிரஷ்ஷை முக்கினார். அம்மா டப்பாவை வாங்கி மூடினார். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். பித்தளை டிச் பட்டன்கள்.

“ஓரத்துல சுத்தி இதை அடிங்க. ஒரு பாதி கார்ப்பெட்டுல, மறுபாதி பலகையில.”

“சட்டைக்கு வைக்கிறதா?”

“அதேதான். கொஞ்சம் பெருசு.”

“அம்மா, இது பிடிக்காது. கால் இடறினா கழண்டு வந்துரும்.”

“வரும்.”

“தண்ணியும் உள்ள போகும்.”

“போகும்.”

“பசைன்னா அசையாது.”

“ஆமா. அசையவே இல்ல, நீங்கதான் பிச்சீங்களே.”

மாசிலாமணி பட்டன் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி எழுந்தது, ஒன்றுக்கும் விடை வரவில்லை. கடைசிப் பட்டனையும் அடித்துவிட்டு அம்மாவின் குடிசைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மறுநாள்தான். இனிமேல் பொறுக்க முடியாது.

“அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை. நாளைக்கு அவன்கிட்ட என்ன பேச?”

“நாளைக்குத் தண்ணி வத்திருக்கும். படகு கரை வரைக்கும் போகாது. முழங்கால் தண்ணியில நடந்து வந்துதான் ஏறணும்னு போன் பண்ணிச் சொல்லிருங்க.”

அவர் அன்று படுத்துப் புரண்டது அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் அம்மாதான் படகை ஓட்டினார். அக்கரையில் இளமாறன் பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஸ்டெல்லா, புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மகன் இளைத்திருந்தான். காதோரத்தில் நரை தெரிந்தது. இந்த வயசில் நரையா? மாசிலாமணிக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தது அத்தனையும் மறந்து போனது. தண்ணீரில் நடந்து வந்த மருமகளுக்குக் கையை நீட்டினார்.

“வாம்மா. உள்ள வா.”

ஸ்டெல்லா ஏறினாள். இளமாறன் தண்ணீரிலேயே நின்றான்.

“இந்த ரெண்டு வார்த்தையச் சொல்ல மூணு வருஷம் ஆச்சாப்பா உங்களுக்கு?”

“ஏறுங்க, படகு ஒதுங்குது” என்று ஸ்டெல்லாதான் கணவனின் தோளைத் தொட்டாள். ஏறினான். அம்மா திரும்பிப் பார்க்காமல் முடுக்கினார். வழியெல்லாம் மாசிலாமணி ஏதோ சொன்னார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. இருவரின் காலிலிருந்தும் வழிந்த தண்ணீரில் புதுக் கார்ப்பெட் கறுத்துப் போயிற்று.

சாப்பாட்டு இலையில் மறுபடி ஆரம்பித்தார். “அன்னிக்கு நான் சொன்னது தப்புதான், தம்பி. ஊர் என்ன சொல்லுமோன்னு…”

“ஊர் சொல்லலப்பா. நீங்க சொன்னீங்க.”

இளமாறன் இலையை மூடினான். ஸ்டெல்லா அப்போதுதான் தன் இலையில் ரசம் ஊற்றியிருந்தாள். அவசரமாக இரண்டு வாய் அள்ளிக் குடித்துவிட்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் இளமாறன் கரையையே பார்த்துக்கொண்டு வந்தான். அது நெருங்கியதும் காத்திருக்காமல் குதித்தான். குதித்த வேகத்தில் கால் கார்ப்பெட்டின் ஓரத்தில் மாட்டியது. பட்டன்களிலிருந்து டப் டப்பென்று சத்தம் வந்தது. அவன் நிற்கவில்லை. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு நடந்தான். ஸ்டெல்லா மெல்ல இறங்கினாள்.

“ரசம் நல்லா இருந்துச்சு, மாமா” என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போனாள்.

அவர்கள் ரோட்டுக்கு ஏறி மறையும்வரை மாசிலாமணி பார்த்துக்கொண்டு நின்றார். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

படகு திட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா எஞ்சினை நிறுத்தினார். மாசிலாமணி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். காலடியில் கார்ப்பெட்டின் ஒரு பக்கம் முழுக்கத் தூக்கிக்கொண்டு, மணலும் தண்ணீருமாகக் கிடந்தது.

“எல்லாம் பிஞ்சு போச்சும்மா” என்றார். பெரிய மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அம்மா அழவிட்டார். பிறகு கேட்டார்.

“பிஞ்சிருக்கா, கழண்டிருக்கா?”

“எதும்மா?”

“பாத்துச் சொல்லுங்க.”

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். ஓரத்தை விரலால் தடவினார். கிழிசல் இல்லை. பட்டன்கள் எல்லாம் கார்ப்பெட்டில் அப்படியே இருந்தன. பலகையில் இருந்த மறுபாதிகளும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பெயரவில்லை. திரும்ப முதலிலிருந்து தடவிப் பார்த்தார்.

“கழண்டுதாம்மா இருக்கு.”

சொன்னவர் அவசர அவசரமாக ஒரு பட்டனை அதன் குழியில் பொருத்தி, கட்டைவிரலை வைத்து அழுத்தப் போனார்.

அம்மா அவர் கையைப் பிடித்தார்.

“இப்ப வேண்டாம், ஐயா. ஈரமா இருக்கு. தூக்கி வெயில்ல போடுங்க, காயட்டும்.”