புள்ளிக்குள் மிச்சம்

அந்தக் காலத்தில், பறவையும் பல்லியும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நாள்கள் தாமாக விடிவதில்லை. நடந்துதான் வரும். ஏழு பேர் அவர்கள், அண்ணன் தங்கைகள். முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாளாக, தோளில் மூட்டையோடு ஏரிக்கரை மருதமரத்தடிக்கு வந்து சேர்வார்கள்.

அந்த மரத்தில் வருஷத்து நாள்கள் எல்லாம் முழுப் பெயரோடு கொத்தப்பட்டிருக்கும். வந்தவர் தன் பெயரை விரலால் தடவி, ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். பிறகுதான் மூட்டையைப் பிரிப்பார். முதலில் முற்பகல் வெளியே வரும், அப்புறம் பிற்பகல், அதற்கும் அப்புறம் அந்தி. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு பொழுது கிடக்கும். வேலைக்கும் ஆகாது, தூக்கத்துக்கும் ஆகாது. அதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. அந்தப் பொழுதில்தான் ஊர் உட்கார்ந்து பேசும்.

பெயர் கொத்துகிற வேலை பொன்முதுகன் என்ற மரங்கொத்தியுடையது. மாசியில் மரம் ஏறினால் பங்குனிக் கடைசியில்தான் இறங்குவான். அந்த வருஷம் அவன் மனைவி செம்பிக்குச் சிறகுக்கடியில் கட்டி. பார்க்க வந்த வைத்தியக் கொக்கு, "ஆடிக் காத்தைத் தாங்கமாட்டா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பறந்துவிட்டது. அவளைக் கவனித்துக்கொண்டதில் மாசி முழுக்க ஓடிப்போயிற்று. பங்குனி பாதியில்தான் அவனால் மரம் ஏற முடிந்தது. இனி ஓயாமல் கொத்தினால்தான் வருகிற நாள்களுக்கு முன்னால் ஓட முடியும். மூட்டையின் அடியில் கிடக்கும் பொழுதும் அதிலேயே போய்விடும்.

"எழுத்து எழுத்தாக் கொத்துங்க," என்றாள் செம்பி. "நான் போற அன்னிக்கு என்ன கிழமைன்னாவது தப்பில்லாமத் தெரியட்டும்."

"ஏன் இப்படிப் பேசுற?"

"வேற எப்படிப் பேச? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஓடிக்கிட்டே கேட்கிற விஷயம் இல்ல அது. உட்கார்ந்து கேட்கணும்."

அன்று அவன் கொத்துகிற சத்தமே சரியில்லை. அதே மரத்தில் குடியிருந்து ஊருக்குச் சகுனம் சொல்லிப் பிழைத்த பல்லி, மெல்ல ஊர்ந்து அருகே வந்தது.

"ஏண்ணே, செவ்வாய்க்கிழமைன்னு முழுசாக் கொத்தி யாருக்கு என்ன ஆகப்போகுது? 'செ'ன்னு போட்டு ஒரு புள்ளி வை. ஊருக்கே புரியும்."

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் புள்ளிக்குள்ள இருக்குன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. முற்பகலுக்கு 'மு.ப.', பிற்பகலுக்கு 'பி.ப.' சித்திரைக்கு முன்னாடி வேலை முடிஞ்சு அண்ணி பக்கத்துல உட்கார்ந்துடலாம். காலியாகிற இடத்துல என் சங்கதி மூணு கொத்திக் கொடு, போதும். ராகு காலம், எமகண்டம், குளிகை. அதை மட்டும் சுருக்கிடாதே. கெட்ட நேரத்தைச் சுருக்கினா ஊர் சும்மா விடாது."

பொன்முதுகன் கூட்டைத் திரும்பிப் பார்த்தான். செம்பியின் தலை சிறகுக்குள் தொங்கிக் கிடந்தது. அலகை ஓங்கி ஒரே கொத்து. புள்ளி விழுந்தது.

பங்குனி முடியுமுன் வேலை முடிந்தது. "நாளையிலேர்ந்து நான் உன் பக்கத்துலதான்," என்று சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னான்.

சித்திரை முதல் நாள் வந்தவர் செவ்வாய்க்கிழமை. முன்கோபக்காரர். மரத்தைத் தடவிய விரல் சட்டென்று நின்றது.

"இது யாருப்பா?"

"நீங்கதான் ஐயா."

"பக்கத்துல நீட்டி நிமிர்ந்து நிக்கிறது?"

"அது... ராகு காலம் ஐயா."

"அவனுக்கு முழுப் பேரு. எனக்கு ஒத்தை எழுத்து."

"மிச்சம் புள்ளிக்குள்ள இருக்கு ஐயா."

செவ்வாய்க்கிழமை கோபப்படவில்லை. சிரித்தார். "அப்படியா? என்கிட்ட உள்ள மிச்சத்தையும் அங்கேயே தேடிக்கோ." முற்பகல், பிற்பகல், அந்தி மூன்றையும் எடுத்து வெளியே போட்டுவிட்டு, மூட்டையை இறுக்கிக் கட்டினார்.

அன்று அந்தியில் அவன் செம்பி அருகே உட்கார்ந்தான். "சொல்லு."

"அவசரப்படுத்தாதீங்க. முதல்ல, நாம இந்த மரத்துக்கு வந்தோமே, அந்த வருஷம்..."

அதற்குள் இருட்டிவிட்டது. அவள் கண் செருகிவிட்டது. மறுநாளும் அவள் "முதல்ல" என்றுதான் ஆரம்பித்தாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

ஏழு பேரில் இளகிய மனசுக்காரி வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஈரத்தலையோடு வந்தவள் காலில் போய் விழுந்தான்.

"பிரிச்சுத் தரமாட்டேன்னா சொல்றேன் தம்பி? என் பேரைக் காட்டு. வாசிச்சுட்டுப் பிரிக்கிறேன்."

ஓடிப்போய், விட்டுப்போன எழுத்துகளைக் கொத்தப் பார்த்தான். அலகு வைக்க இடமில்லை. புள்ளியை ஒட்டி எமகண்டம் உட்கார்ந்திருந்தது.

"அதுமேல மூக்கை வச்சுத்தான் பாரேன்," என்றது பல்லி. "விடிஞ்சா ஊர் முதல்ல பார்க்கிறது அதைத்தான்."

ஊரைக் கெஞ்சினான். மரத்தடியில் கூட்டமாக நின்றவர்கள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இரப்பா, ராகு காலம் முடியட்டும், அப்புறம் பேசலாம்."

ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை அந்தியில், செம்பி "முதல்ல" என்றாள். அதோடு சரி.

பொன்முதுகன் அழவில்லை. மருதமரத்துக்குப் போய், 'வெ' பக்கத்திலிருந்த புள்ளியைக் கொத்தித் திறந்தான். உள்ளே காதை வைத்துக் கேட்டான். மரம்தான் இருந்தது. அடுத்த புள்ளிக்குப் போனான்.

நாள்காட்டியில் கிழமைகள் ஒற்றை எழுத்தாகவும், பகலின் இரண்டு பாதியும் மு.ப., பி.ப. என்றும் ஒடுங்கிக் கிடக்க, ராகு காலமும் எமகண்டமும் குளிகையும் மட்டும் முழுப் பெயரோடு நிற்பது அன்று தொடங்கியதுதான். மரங்கொத்தி மரம் மரமாகப் போய்ப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதும், ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் நின்று காதுகொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதும் அன்று முதல்தான்.