பெருச்சாளியும் கொட்டைப் பானையும்

ஏரிக்கரையில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. அதில் எலிகளும் முள்ளம்பன்றிகளும் வளை தோண்டி வாழ்ந்தன. மேட்டின் தலைவன் தொந்தியப்பன் என்ற பெருச்சாளி.

ஒரு கோடையில் மேற்கு மலையில் புல் எல்லாம் கருகிப்போனது. அங்கிருந்த முயல்கள் பஞ்சம் பிழைக்க மேட்டை நோக்கிக் கூட்டம் கூட்டமாக வந்தன. பழைய குடிகள் முகம் சுளித்தன.

"இருக்கிற இடமே நமக்குப் போதவில்லை! இவர்கள் வேறா!" என்று சடையன் என்ற முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

பெருச்சாளி மட்டும் ஓடிவந்து வரவேற்றது. வந்தவர்களில் வீராயி என்ற பெண் முயலும் இருந்தது. அதற்கு நான்கு குட்டிகள்.

"வா தாயி, வா! பிள்ளைகள் பசியில் துவண்டு கிடக்கின்றனவே! இந்தா, கடலை. அடிவாரத்தில் ஒரு வளையும் தருகிறேன்!"

வீராயிக்குக் கண் கலங்கியது. "இந்த உதவியை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் ஐயா!"

"மறக்காமல் இருந்தால் சரி" என்றது பெருச்சாளி.

நாளுக்கு நாள் முயல்கள் பெருகின. மேட்டில் வளைக்கு மேல் வளை, வளைக்குப் பக்கத்தில் வளை. ஒரு வளையில் மூன்று குடும்பம் நெருக்கியடித்துப் படுத்தது.

ஆவணியில், வருஷா வருஷம் நடக்கும் தலைவர் தேர்தல் வந்தது. அந்த மேட்டு வழக்கப்படி, யார் தலைவராக வேண்டுமோ அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கப் போய் நிற்க வேண்டும். முயல்கள் மொத்தமும் பெருச்சாளியின் பின்னால் நின்றன. ஒரே ஒரு கிழட்டு எலி, போட்டியிட்ட முள்ளம்பன்றி சடையனின் பின்னால் போய் நின்றது. மறுநாள் காலையில் அதன் வளை வாயில் மண் அடைத்திருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிரம்பி அடிவார வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீராயி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேலே ஏற்றியது. மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

நனைந்த உடம்போடு அது பெருச்சாளியிடம் போனது. "வெள்ளம் வடிய வாய்க்கால் வெட்டித் தருவதாகத் தேர்தலின்போது சொன்னீர்களே ஐயா!"

"அடுத்த வருஷம் பார்ப்போம். உனக்கு வளை கொடுத்தது யார்? ஞாபகம் இருக்கிறதா?"

வீராயி மிஞ்சிய குட்டிகளிடம் திரும்பியது.

அடுத்த ஆவணிக்கு முன்பு அது முள்ளம்பன்றியைத் தேடிப் போனது.

"உங்களால்தான் அந்தத் தடியன் ஜெயிக்கிறான்!" என்று முள்ளம்பன்றி எரிந்து விழுந்தது.

"உண்மைதான். நாங்கள் வந்தபோது அவர் கடலை கொடுத்தார். நீங்கள் முள்ளைக் காட்டினீர்கள். இப்போது சொல்லுங்கள், நீங்கள் தலைவரானால் வாய்க்கால் வெட்டுவீர்களா?"

முள்ளம்பன்றி தலை குனிந்தது. "வெட்டுவேன். ஆனால் எவன் துணிந்து என் பின்னால் நிற்பான்?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தேர்தல் நாளில் எல்லோரும் கூடியதும் வீராயி முன்னால் வந்தது.

"ஐயா! நாங்கள் பயந்துகொண்டுதான் உங்கள் பின்னால் நிற்கிறோம் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதோ, புதருக்குப் பின்னால் ஒரு பானை இருக்கிறது. பக்கத்தில் கொட்டைகள் குவிந்திருக்கின்றன. உங்களுக்கு வேப்பங்கொட்டை, சடையனுக்குப் புளியங்கொட்டை. ஒவ்வொருவராகத் தனியே போய் ஒரு கொட்டையைப் போடட்டும். யாரும் பார்க்காமலே நீங்கள் ஜெயித்தால் அவர்கள் வாய் அடைபடும் அல்லவா?"

பெருச்சாளி சுற்றும் முற்றும் பார்த்தது. அத்தனை கண்களும் அதன் மேலேயே இருந்தன. மாட்டேன் என்றால் பயந்துவிட்டான் என்பார்கள்.

"எனக்கென்ன பயம்! தாராளமாகப் போடுங்கள்!" என்று மீசையை முறுக்கியது.

ஒவ்வொன்றாகப் போய்வந்தன. கடைசியில் பானையைக் கவிழ்த்தன. புளியங்கொட்டை மலைபோல் குவிந்தது. வேப்பங்கொட்டை நான்கோ ஐந்தோ உருண்டது.

"நன்றி கெட்டவளே! பசித்து வந்தபோது கடலை கொடுத்தது யார்?" என்று பெருச்சாளி கத்தியது.

"நீங்கள்தான் ஐயா. இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு பிடி கடலையைக் கொடுத்துவிட்டு எங்கள் வாயையே எடுத்துக்கொண்டீர்களே!"

பெருச்சாளி வளைக்குள் நுழைந்துகொண்டது.

முள்ளம்பன்றி தலைவரானது. ஒரு வாரம் போயிற்று. வாய்க்காலைக் காணோம்.

வீராயி போய்க் கேட்டது. "இப்போதுதானே பதவிக்கு வந்திருக்கிறேன்! மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. என்ன அவசரம்?" என்றது முள்ளம்பன்றி.

"அவசரம் ஒன்றுமில்லை. பானையை இன்னும் உடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்!"

அன்று மாலைக்குள் முள்ளம்பன்றி முதல் பிடி மண்ணைத் தோண்டிப் போட்டது. ஐப்பசி மழையில் ஒரு வளையும் முழுகவில்லை.

உதவிக்கு நன்றியைக் கொடுக்கலாம், உரிமையைக் கொடுத்துவிடக் கூடாது.